மானுக்கும் பிணை நின்ற வரலாறு பாடிய உமறுப் புலவர்

வியாபாரிகளாகிய நாம் பிணை என்ற சொல்லைக் கேட்டாலே சற்றுப் பின்வாங்குவோம். பிறர் கடனுக்குக் கையொப்பமிட்டு நொந்தவர் நம்மில் பலருண்டு. ஒரு மானுக்காகப் பிணை நின்ற வரலாற்றை இனிய தமிழில் பாடி வைத்தவர் உமறுப் புலவர்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமகனாரின் தந்தையார் வாசனைப் பொருள் விற்றவர் என்பர். ஆகவே நம் இனத்தவர்தாம்! எட்டயபுரம் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, அவ்வூர் அரண்மனையிலேயே புலவராய் அமர்ந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சரிதையைப் பாடுமாறு வேண்டியவர் கீழக்கரைக் கப்பல் வணிகர் வள்ளல் சீதக்காதி. வள்ளல் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். இவ்வாறு வணிகர் பொருளால் உருவானது சீறாப்புராணம். மூன்று காண்டங்கள், 5,027 பாடல்கள்.

அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த புலவர், மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிவதையும், வெள்ளம் காடு கடந்து வயலில் பாய்வதையும், உழவர் நாற்று நடுவதையும் பாடுகிறார். பாலைவனத்தில் நெல் வயல் ஏது என்று ஆட்சேபிப்பவர் உண்டு. புலவர் இருந்ததோ வானம் பார்த்த கரிசற் பூமி. மழையே ரஹ்மத் என்றறிந்த மக்களுக்கு நாயகத்தின் நாட்டை வேறெப்படிச் சொல்வது? பினாங்கு மலைமேல் மேகம் கவிந்தால் நாமோ சரக்கு நனையுமே என்று தார்ப்பாய் இறக்குகிறோம்.

மான் கதைக்கு வருவோம். வேடன் வலையில் ஒரு பெண்மான் சிக்கியது. குட்டிக்குப் பாலூட்டித் திரும்பி வருகிறேன் என்று நாயகத்திடம் கெஞ்சியது. வேடன் நம்பவில்லை, நாயகமே பிணை நின்றார்கள். காட்டில் கலைமானும் இனமும் போகவேண்டாம் என்று தடுத்தன. பிணை நின்றவரை ஏமாற்றி உயிர் வாழ அந்த மானுக்கு மனம் வரவில்லை. தாயைப் பிரிய மாட்டாத குட்டியும் கூடவே வந்துவிட்டது. கண்ட வேடன் ஈமான் கொண்டான். மான்கள் இரண்டும் காடு திரும்பின. கடன் வாங்கியவன் தவணைக்குத் தானே வந்து நின்றதுபோல இருக்கிறது!

சீறா 1842-ல் அச்சேறியது. நம் வீடுகள் சிலவற்றில் அது உயரத்து அலமாரியில் உறையிட்டபடி இருக்கிறது. பிள்ளைகளுக்கு முழுவதும் வேண்டாம், இந்த ஒரு படலத்தை இஷாவுக்குப்பின் வாசித்துப் பொருள் சொல்லலாம். எட்டயபுரம் போகும் அன்பர்கள் புலவரின் அடக்கத்தலத்தை அங்கே ஜியாரத் செய்யலாம்.