வலங்கைமான் சாஸ்திரியும் என் வொகாபுலரி நோட்டும்

வலங்கைமான்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பங்குனி மாசம் மாரியம்மன் கோயில் பாடைக் காவடி. இல்லேன்னா தீபாவளிக்கு முன்னாடி ஓடிப்போய் மூட்டை கட்டி வாங்கிட்டு வர்ற வெடி. குடவாசல்காரனான எனக்கும் போன வருஷம் வரைக்கும் அவ்வளவுதான் தெரியும். நாங்க கும்பகோணம் போறது நாச்சியார்கோயில் வழி. வலங்கைமான் இருக்கிறது மன்னார்குடி ரோட்டில். பக்கத்து ஊர்தான், ஆனா நம்ம பஸ் அந்தப் பக்கம் போகாது. அதனாலேயே அந்த ஊர்க்காரர் ஒருத்தரை இவ்வளவு நாள் தெரியாம இருந்துட்டேன்.

முதல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா அதுதான் என்னை அவர்கிட்ட கொண்டுபோய் விட்டது. மூன்றாம் வருஷத்தில் எலெக்டிவ்வா மனித நடத்தை பற்றிய பேப்பர் ஒன்றை எடுத்தேன். கணக்கு கிடையாது, சுலபமா பாஸ் பண்ணிடலாம்னு சீனியர் சொன்ன தைரியம். புத்தகத்தைப் பிரிச்சா முதல் பக்கத்திலேயே ஆம்பிவேலன்ஸ். நான் அதை ஆம்புலன்ஸ்னு படிச்சு, இங்க எதுக்குடா ஆம்புலன்ஸ் வந்ததுன்னு அரை மணி நேரம் யோசிச்சேன். சிரிக்காதீங்க, பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படிச்சவங்க நம்மில் எத்தனை பேர்? தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் நம்மைக் கைவிடாது, ஏன்னா அங்கே படமும் சமன்பாடும் துணைக்கு வரும். மனுஷன் மனசைப் பற்றிய புத்தகத்தில் துணைக்கு வர்றது வார்த்தை மட்டும்தான். வார்த்தை தெரியலைன்னா மொத்தமும் இருட்டு.

ஒரு நோட்டு போட்டு, தினம் இருபது வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம்னு எழுதி மனப்பாடம் பண்ணினேன். ரிசென்ட்மென்ட், கன்டெம்ப்ட், டிஸ்டெயின், ஸ்கார்ன். நாலுக்கும் எதிரே ஒரே வார்த்தை, வெறுப்பு. பரீட்சையில் மூக்குடைபட்டதைத் தனியாச் சொல்லணுமா என்ன? அந்தக் கோபத்தில் லைப்ரரியில் இங்கிலீஷ் பற்றி எதையோ தேடும்போதுதான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் பெயர் கண்ணில் பட்டது. பிறந்த ஊர் வலங்கைமான் என்று போட்டிருந்தது.

1869 செப்டம்பர் 22ஆம் தேதி பிறந்தவர். காந்தி பிறந்தது அதே வருஷம் அக்டோபர் 2. சரியாகப் பத்து நாள் மூத்தவர். இந்தப் பத்து நாளை மறந்துடாதீங்க, கடைசியில் தேவைப்படும். அப்பா கோயில், வைதிகம் என்று வாழ்ந்த ஏழைப் புரோகிதர். வீட்டில் சமஸ்கிருதம் இருந்தது, தமிழ் இருந்தது. இங்கிலீஷ் பேசற ஆள் ஒருத்தர்கூட அந்தத் தெருவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. கும்பகோணத்தில் நேட்டிவ் ஹைஸ்கூல், பிறகு காவிரிக் கரையில் இருக்கிற அரசுக் கல்லூரி. ராமானுஜன் பின்னாளில் படிச்சு, கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்ட அதே கல்லூரிதான். அங்கே சாஸ்திரி பி.ஏ. முடித்தார். மாயவரத்தில் பள்ளி வாத்தியார் வேலை, சேலத்தில் கொஞ்ச காலம், பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர்.

சென்னையில் காமதேனு சூப்பர் மார்க்கெட் பார்த்திருப்பீங்க. அதை நடத்துற டி.யு.சி.எஸ். என்கிற திருவல்லிக்கேணி கூட்டுறவு சங்கத்தை 1904இல் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். மளிகைக் கடைக்கும் ஷேக்ஸ்பியருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, வாத்தியார் சம்பளத்தில் குடும்பம் நடத்தினவருக்குத் தெரியும்.

அவர் இங்கிலீஷ் எப்படிக் கத்துக்கிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிச்சவர்கள் பட்டியலைப் பாருங்க: ஷேக்ஸ்பியர், வால்டர் ஸ்காட், ஜார்ஜ் எலியட், தாமஸ் ஹார்டி, விக்டர் ஹ்யூகோ, ஜான் ஸ்டூவர்ட் மில், கூடவே நம்ம வால்மீகி. மில்லை விட்டுட்டா மீதி எல்லோரும் கதை சொன்னவர்கள். ஒரு மனுஷன் ஏன் இப்படி நடந்துக்கிறான் என்று பக்கம் பக்கமா ஆராய்ஞ்சவர்கள். அதிலும் ஜார்ஜ் எலியட் இருக்காங்களே (ஆண் பெயரில் எழுதிய பெண்), ஒரு ஆள் தன்னைத்தானே எப்படி ஏமாத்திக்கிறான் என்பதை அவங்க பிரிச்சுக் காட்டுற மாதிரி என் எலெக்டிவ் புத்தகம் ஒரு இடத்திலும் காட்டலை.

இங்கே ஒரு வேடிக்கை. என்னை மிரட்டின ஆம்பிவேலன்ஸ் என்ற வார்த்தை சாஸ்திரி பி.ஏ. படிச்ச காலத்தில் உலகத்திலேயே கிடையாது! ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1910இல் உருவாக்கின சொல் அது. லத்தீனில் ஆம்பி என்றால் இரண்டு பக்கமும். பின்பாதி, வலிமையைக் குறிக்கிற வேர். வேதியியலில் நாம படிச்ச வேலன்ஸும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஒரே ஆள் மேல் பாசமும் வெறுப்பும் சம பலத்தோடு இழுக்கிறது. இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கும், இல்லையா? எம்பதியும் அப்படித்தான், ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக டிட்ச்னர் என்ற உளவியலாளர் 1909இல் இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தார். சாஸ்திரியின் இளமையில் இந்தச் சொற்கள் இல்லை, ஆனா அந்த மனநிலைகள் இருந்தன. நாவலில் அவை ஆட்களாக நடமாடின. அவர் வார்த்தையை ஆளோடு சேர்த்துக் கத்துக்கிட்டார், நான் ஆளே இல்லாம வெறும் வார்த்தையை நோட்டில் எழுதினேன் என்பது என் கணிப்பு.

இந்தக் கணிப்பை வெச்சுக்கிட்டு என் நாலு வார்த்தையைத் திரும்பப் பார்த்தேன். நம்மகிட்ட கடன் வாங்கிட்டு நம்மளையே கேலி பண்றவன் மேல உள்ளுக்குள்ள புகையுதே, அது ரிசென்ட்மென்ட். அவனை ஒரு மனுஷனாவே மதிக்காம விட்டா கன்டெம்ப்ட். பதில் சொல்றதே நமக்குக் கேவலம்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா டிஸ்டெயின். வாய் விட்டு நாலு பேர் முன்னாடி காறித் துப்பாத குறையா ஏசினா ஸ்கார்ன். தமிழிலும் கசப்பு, இளக்காரம், அலட்சியம், ஏளனம் என்று நாலு இருக்கு. நான்தான் சோம்பேறித்தனமா வெறுப்புன்னு ஒரே சாக்கில் போட்டு மூட்டை கட்டியிருக்கேன்.

சரி, சாஸ்திரிக்கு வருவோம். 1907இல் வாத்தியார் வேலையை விட்டுட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கொஞ்சம் படியை வாங்கிக்கிட்டு நாட்டு வேலை செய்யறேன்னு உறுதிமொழி எடுக்கிற சங்கம் அது. 1915இல் கோகலே இறந்ததும் தலைவர் பொறுப்பு இவருக்கு வந்தது. அடுத்த வருஷம் டெல்லியில் இம்பீரியல் சட்டசபை.

1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா வந்தது. விசாரணை இல்லாம ஆளைப் பிடிச்சு உள்ளே போட வழி செய்யற சட்டம். சாஸ்திரி எழுந்து பேசினார். கத்தவில்லை, யாரையும் வையவில்லை. இப்படி ஒரு சட்டம் வந்தா அது குற்றவாளியை விட நிரபராதியைத்தான் அதிகம் நடுங்க வைக்கும் என்று, பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்யும் என்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெச்சார். அந்தப் பேச்சை இன்றைக்கும் அந்தச் சபையின் தலைசிறந்த பேச்சுகளில் ஒன்றாகச் சொல்றாங்க. ஆனா என்ன ஆச்சு தெரியுமா? மார்ச் மாசமே மசோதா நிறைவேறியது. ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்.

1921இல் லண்டனில் இம்பீரியல் மாநாடு. பேரரசின் நாடுகளில் குடியேறின இந்தியர்களுக்குச் சம குடியுரிமை வேணும் என்கிற தீர்மானத்தைத் தென்னாப்பிரிக்காவைத் தவிர எல்லா நாடுகளையும் ஏற்க வெச்சார். அதே வருஷம் லீக் ஆஃப் நேஷன்ஸ், பிறகு வாஷிங்டன் மாநாடு, பிரிவி கவுன்சில் பதவி, லண்டன் மாநகரின் கௌரவம். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பட்டம் கொடுத்தாங்க. ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரித் தலைவரும், பிரதமராக இருந்த பால்ஃபரும், தங்கள் தாய்மொழிக்கு இவ்வளவு அழகு இருப்பதை இவர் பேசித்தான் தெரிஞ்சுக்கிட்டோம் என்கிற பொருளில் பாராட்டினதாகச் சொல்வாங்க. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி அங்கே இருந்த இந்தியர்களின் ஓட்டுரிமைக்காகப் பேசினார். ஆஸ்திரேலியாவில் அது 1925இல் கிடைச்சது.

இந்த இடத்தில் நிறுத்தினா இது வழக்கமான சாதனையாளர் கட்டுரை ஆயிடும். 1923ஐச் சொல்லியாகணும். கென்யாவில் வெள்ளைக்காரங்களுக்கு இருக்கிற உரிமை இந்தியர்களுக்கும் வேணும்னு கேட்க லண்டன் போன குழுவுக்குத் தலைமை இவர். பாராட்டினவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தாங்க. ஜூலையில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்தியர்களுக்குச் சமத்துவத்தை மறுத்தது. நல்ல நிலங்கள் இருந்த மேட்டுப்பகுதி வெள்ளையர்களுக்கே. பேச்சை ரசிச்சுட்டு, கேட்டதைக் கொடுக்காம அனுப்பினாங்க. சாஸ்திரி மனசும் உடம்பும் உடைஞ்சு திரும்பினார். ஊரிலோ, ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்க்கிற மிதவாதி, வெள்ளைக்காரனுக்கு வேண்டியவன் என்று ஏச்சு. நீங்க அவர் இடத்தில் இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நான் அந்த மொழியையே தலைமுழுகியிருப்பேன்.

அவர் 1927இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பினார், இந்திய அரசின் முதல் ஏஜென்டாக. போகச் சொல்லி வற்புறுத்தினவர்களில் காந்தியும் ஒருவர். நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர்களின் பிள்ளைகளில் பெரும்பகுதி தமிழர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்களும் அதில் உண்டு. ஆரம்பப் பள்ளிக்கு மேல் அவங்க படிக்க வழியே சரியா இல்லை. அங்கிருந்த இந்தியர்கள்கிட்டயே நிதி திரட்டி டர்பனில் ஒரு பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த கட்டடத்தை எழுப்பினார். 1929இல் திறந்த அந்த சாஸ்திரி கல்லூரியில் படிச்சு டாக்டரும் வக்கீலும் ஆனவங்க எத்தனையோ பேர். அவருடைய பேச்சுகளில் எது என்ன சாதிச்சதுன்னு வாதாடலாம். இந்தச் செங்கல் கட்டடத்தைப் பற்றி வாதாட முடியாது.

வட்டமேஜை மாநாடு, சர் பட்டம் வேண்டாம்னு மறுத்தது எல்லாவற்றையும் தாண்டி 1935க்கு வருவோம். அந்த வருஷத்திலிருந்து 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அது முடிஞ்ச கையோடு வந்த ஒரு வேலை, எஞ்சினியரிங் மாணவர்களான நமக்கு நேரடியாச் சம்பந்தப்பட்டது. அறிவியல், தொழில்நுட்பச் சொற்களைத் தாய்மொழிகளில் எப்படி ஆக்கணும் என்று விதி வகுக்க சென்னை அரசு 1940இல் போட்ட குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவில் சமஸ்கிருதச் சார்பு தூக்கலா இருக்கு என்று தமிழறிஞர்கள் கொதிச்செழுந்தாங்க. பிறகுதான் தமிழறிஞர்களையும் உள்ளே சேர்த்தாங்க.

இந்த விஷயத்தில் நான் எதிர்த்தவர்கள் பக்கம்தான். இங்கிலீஷில் ஒரு வார்த்தையின் ஒரு இழை பிசகினாலும் பொறுக்காத மனுஷருக்கு, தமிழிலும் அதே இழைகளை நெய்ய முடியும் என்கிற நம்பிக்கை முழுசா வரலையோ என்று சந்தேகம். எந்த மொழியை உழைச்சுக் கத்துக்கிறோமோ அதில் நுணுக்கம் தெரியுது, எது வீட்டிலேயே கிடைச்சதோ அதை இருபது வார்த்தையோடு நிறுத்திக்கிறோம். என் நோட்டில் வெறுப்பு என்று நாலு தடவை எழுதினவனுக்கு அவரைக் குறை சொல்லப் பெரிய தகுதி இல்லைதான். இருந்தாலும் சொல்லணும்.

கடைசிக் காலத்தில் இதய நோய் வாட்டியது. ஆனாலும் 1944இல் மயிலாப்பூரில் ராமாயணத்தைப் பற்றி வாரம் ஒன்றாக முப்பது சொற்பொழிவு செய்தார், இங்கிலீஷில். ராமனை அவதாரமாகப் பார்க்காமல், கோபமும் தடுமாற்றமும் உள்ள மனிதனாக எடுத்துக்கிட்டு, ஏன் இதைச் செய்தான், ஏன் அதைச் சொன்னான் என்று கேட்டுக்கிட்டே போவார். ஜார்ஜ் எலியட்டிடம் கத்துக்கிட்ட கண்ணை வால்மீகி மேல் திருப்பினது மாதிரி எனக்குப் பட்டது. மனித நடத்தை பற்றி இங்கிலீஷில் படிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் முதல்ல சிபாரிசு செய்யறது இந்தப் புத்தகத்தைத்தான். கதை நமக்கு ஏற்கெனவே தெரியும். பரதன் என்ன நினைச்சான், வாலி என்ன கேட்டான் என்று தெரிஞ்சிருக்கிறதால, தெரியாத வார்த்தை வந்தாலும் அர்த்தம் தானா வந்து உட்காரும். டிக்‌ஷனரி பக்கத்தில் இருக்கட்டும், ஆனா பக்கத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தொடாதீங்க.

1946 ஜனவரியில் காந்தி சென்னைக்கு வந்தார். சாஸ்திரி ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. முப்பது வருஷமா அரசியலில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு பேர், பத்து நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினாங்க. ராமாயணம் பற்றியும் பேச்சு வந்ததாம். ஏப்ரல் 17ஆம் தேதி சாஸ்திரி காலமானார்.

நம்ம லைப்ரரியில் காந்தியின் சத்திய சோதனை இங்கிலீஷ் பிரதி இருந்தா, மகாதேவ தேசாய் எழுதின முன்னுரையைப் பிரிச்சுப் பாருங்க. மொழிபெயர்ப்பை வரி வரியாகத் திருத்திக் கொடுத்த, இங்கிலீஷில் பெரும் புலமை உள்ள ஒரு நண்பருக்கு அங்கே நன்றி இருக்கும், பெயர் இருக்காது. பெயரை வெளியிடக் கூடாது என்பது திருத்துறதுக்கு அவர் போட்ட நிபந்தனை. அந்த நண்பர் வலங்கைமான்காரர் என்பது பின்னால்தான் வெளியே வந்தது.