சீருடை தந்த செம்மல்

உணவும் உடையும் மாந்தர்க்கு இன்றியமையாதன. உணவின் குறை வயிற்றை வருத்தும். உடையின் குறையோ உள்ளத்தை வருத்தும். பசித்த சிறுவன் தன் பசியைப் பிறர் அறியாமல் மறைத்துக்கொள்ளலாம். கிழிந்த சட்டையை மறைக்க அவனால் இயலாது. வகுப்பறையில் பட்டாடை அணிந்த ஒருவன் அருகே கந்தல் உடுத்த ஒருவன் அமருங்கால், ஆசிரியர் வாய் திறக்கும் முன்னரே உயர்வு தாழ்வு என்னும் தீய பாடத்தை இருவரும் கற்றுவிடுகின்றனர். இக்குறைக்கு மாற்றுத் தேடியவர்களுள் முதன்மையானவர் பெருந்தலைவர் காமராசர்.

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள், விருதுபட்டி எனப்பட்ட இன்றைய விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி, தாயார் சிவகாமி அம்மையார். குலதெய்வமாகிய காமாட்சியின் பெயரையே பெற்றோர் குழந்தைக்கு இட்டனர். அன்னையார் அன்பு மிகுதியால் ராசா என்று அழைத்து வந்தார். இவ்விரு பெயர்களும் இணைந்து பின்னர்க் காமராசர் ஆயிற்று.

அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, ஊர் மக்களின் கொடையால் நடைபெற்ற இலவசப் பள்ளி. இல்லந்தோறும் பெண்கள் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே சேர்த்து வைப்பர். அந்தப் பிடியரிசியே அப்பள்ளியைத் தாங்கியது. சிறு பொருளாயினும் பலர் சேர்ந்து அளித்தால் பெரும்பணி நிறைவேறும் என்பதற்கு அப்பள்ளியே சான்றாய் நின்றது.

பள்ளியில் விநாயகர் சதுர்த்தி விழா நடைபெற்றபோது நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுவர். பிரசாதம் பெறுவதற்குப் பிள்ளைகள் முண்டியடித்துச் சென்றனர். காமராசர் பொறுமையாகக் காத்திருந்தார். இறுதியில் அவருக்குக் கிடைத்தது மிகச் சிறிதே. எல்லாரும் ஒரே அளவு காசு கொடுத்திருக்க, முந்தியவர்க்கு மிகுதியும் பிந்தியவர்க்குக் குறைவும் கொடுப்பது முறையாகுமா என்று அவர் வீட்டில் வினவினாராம். வலியோர் தாமே பெற்றுக்கொள்வர். மெலியோர்க்குக் கொடுப்பவனே நினைந்து கொடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவ்விளம் உள்ளத்திலேயே வேரூன்றியது போலும்.

தந்தையார் இளமையிலேயே மறைந்தார். குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பன்னிரண்டு வயதளவில் காமராசரின் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. அவர் தம் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். மனிதர்க்குள் நிலவும் ஏற்றத்தாழ்வை அறிவதற்குத் துணிக்கடையை விடச் சிறந்த பள்ளி வேறில்லை. விலை கேளாமல் பட்டை வாங்குவோரும் அங்கே வருவர். கையிலுள்ள காசை மும்முறை எண்ணிப் பார்த்துச் சில முழம் முரட்டுத் துணி வாங்குவோரும் வருவர்.

அக்காலத்தில் உடை உடலை மறைப்பதற்கு மட்டும் பயன்படவில்லை. இன்னார் இன்ன நிலையினர் என்று காட்டும் அடையாளமாகவும் இருந்தது. திருவிதாங்கூரில் காமராசர் பிறந்த சமூகத்துப் பெண்கள் மேலாடை அணிவதற்கும் தடை இருந்தது. நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின்னரே 1859-ஆம் ஆண்டில் அத்தடை தளர்ந்தது. அப்போதும் உயர்ந்தோர் எனப்பட்டவரைப் போல் உடுத்தலாகாது என்ற வரம்பு நீடித்தது.

இந்திய விடுதலைப் போர் காமராசரைக் கடையிலிருந்து அழைத்துக்கொண்டது. 1930-இல் வேதாரணிய உப்பு அறப்போரில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறையில் அடைபட்டார். அவர் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன. அண்ணல் காந்தியடிகளின் தொண்டர் அனைவரும் கதர் உடுத்தினர். செல்வர் தம் அயல்நாட்டுத் துணியைத் துறந்து, ஏழையர் நூற்ற நூலால் நெய்த ஆடையை ஏற்றனர். ஒரே வகை உடை, பலரை ஓரினமாய்ப் பிணைக்கும் என்னும் உண்மையை விடுதலைப் போர் நாட்டிற்குக் காட்டிற்று. காமராசரும் கதர் வேட்டியும் சட்டையும் துண்டுமே தம் உடையாக இறுதிவரை கொண்டிருந்தார்.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அவர் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். முந்தைய ஆண்டில் தொடங்கப்பெற்ற அரை நேரக் கல்வித் திட்டத்தை அவருடைய அரசு கைவிட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. ஆயினும், பள்ளி அருகில் இருந்தும் பல பிள்ளைகள் அதன் வாயிலை மிதித்திலர். பசியே முதற் காரணம் என்று காமராசர் உணர்ந்தார். 1956-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசி நீங்கிய பின்னும் ஒரு தடை எஞ்சியது. உடுத்திச் செல்ல நல்ல ஆடை இல்லையே என்னும் நாணமே அத்தடை.

பொதுக் கல்வி இயக்குநராக விளங்கிய நெ.து.சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 1958-ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் மாநாடுகள் கூடின. மக்கள் கட்டடமும் பலகையும் நிலமும் பொருளும் பள்ளிகளுக்கு வழங்கினர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் வழங்கப்பெற்றது. விருதுபட்டியின் பிடியரிசி, நாடளாவிய பேரறமாக வளர்ந்தது எனலாம்.

சீருடையை எல்லாரும் அணிந்தே தீரவேண்டும் என்று விதிப்பது முறையா என்பது எந்நாட்டிலும் எழும் வினா. உடை அவரவர் விருப்பிற்கு உரியது. அனைவரையும் ஒரே நிறத்தில் அடைப்பது தனித்தன்மையைக் குன்றச் செய்யும் என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின், விரும்பிய உடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பல உடைகள் உடையார்க்கே பயன்படும். ஒன்றே உடையான் எதனைத் தேர்ந்தெடுப்பான்? சீருடை செல்வச் சிறுவனிடமிருந்து பெறுவது சிறிதளவு பகட்டே. ஏழைச் சிறுவனுக்கு அளிப்பதோ தலைநிமிர்ந்து நடக்கும் துணிவு.

மற்றொரு கருத்தும் சிந்தித்தற்குரியது. சீருடை வாங்கப் பொருள் இல்லாதவனிடம் அது கட்டாயம் என்று கூறினால், அந்த விதியே அவனைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிடும். சமன்மைக்கென வந்த ஆடை, புதியதொரு வேலியாய் மாறிவிடும். ஆகவே கட்டாயம் மாணவன் மீது வருவதற்கு முன்னர், கொடுக்கும் கடமை சமுதாயத்தின் மீது வருதல் வேண்டும். காமராசர் காலத்துப் பணியின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. பள்ளிக்கு வா என்று கட்டளையிடும் முன் பள்ளியை அருகில் அமைத்தனர்; படி என்று கூறும் முன் சோறிட்டனர்; ஒன்றுபோல் உடுத்து என்று கூறுவதோடு நில்லாமல் உடையும் கொடுத்தனர்.

1963-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். 1975-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நன்னாளில், உலக வாழ்வையும் துறந்தார். மாநிலத்துப் பிள்ளைகளுக்கு உடை தந்தவர் தமக்கென விட்டுச்சென்றவை சில கதர் வேட்டிகளும் சட்டைகளும் நூல்களுமே. குடியிருந்ததும் வாடகை வீடே. 1976-ஆம் ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. 1985-ஆம் ஆண்டில் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சீருடை ஒருவரின் அறிவை வளர்த்துவிடாது. உள்ளத்திலுள்ள வேற்றுமையைத் தானே போக்கிவிடவும் செய்யாது. ஒரே நிற ஆடை அணிந்தும் அருகிலிருப்பவனை இகழ்வாராயின், அவ்வாடையால் விளையும் பயன் யாது? காலையில் சீருடையை அணியும் ஒவ்வொரு மாணவரும், உடல் ஒன்றுபோல் உடுத்தது போல உள்ளமும் ஒன்றுபடல் வேண்டும் என்பதை உணர்தல் கடன். அதுவே, படிக்க வாய்ப்பின்றித் துணிக்கடையில் நின்ற அச்சிறுவர்க்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.