அரிச்சுவடிக்குப் படம் வரைந்த கை

அரசியல் சாசனத்தின் மூலப்படியை மாணவர்களோடு அணிசெய்த நந்தலால் போஸ், அதற்கு இருபதாண்டு முன்பே ஓர் அரிச்சுவடிக்குப் படம் செதுக்கியவர். பிகாரின் கரக்பூரில் 1882-இல் பிறந்து, கல்லூரித் தேர்வுகளில் தேறாமல் ஓவியத்துக்கு வந்து, அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, சாந்திநிகேதன் கலாபவனத்தை நெடுங்காலம் வழிநடத்தினார். 1930-இல் ரவீந்திரநாத் தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய ‘சகஜ் பாட்’ நூலுக்கு, லினோலியத்தில் வெட்டி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைத் தந்தார். வண்ணமில்லை, செலவும் குறைவு (பொருளியல் படித்தவன் கண்ணில் இதுதான் முதலில் படுகிறது). படங்களில் இருந்தது குழந்தை அறிந்த வங்கக் கிராமம். அறிந்ததைப் பற்றிப் பிள்ளை தயங்காமல் பேசும்; பேசிய சொல்லே எழுத்துக்கு வழியாகும். 1966-இல் நந்தலால் மறைந்தார். தறிச் சத்தத்தில் வளரும் எங்கள் அம்மாபேட்டைப் பிள்ளைக்குத் ‘த’ கற்பிக்கும் பாடத்தை, ஆசிரியர் ஒரு தறியின் படத்திலிருந்து தொடங்கலாம்.