பந்தியில் எழுந்த கேள்வி

ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் தேதியை, பேதுரு, பவுல் என்னும் இரு திருத்தூதர்களின் பெருவிழாவாக உலகின் பல திருச்சபைகள் கொண்டாடுகின்றன. இருவரையும் ஒரே நாளில் நினைவுகூரும் இம்மரபு மிகப் பழைமையானது. ஆனால், இவ்விருவரும் ஒருமுறை பலர் முன்னிலையில் கடுமையாக முரண்பட்டார்கள் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம் என்பதே அவர்களுக்கிடையே எழுந்த வழக்கு.

அந்தக் கேள்விக்கு வேறு விடை நிலைபெற்றிருந்தால், கிறிஸ்தவம் யூத சமயத்தின் ஒரு சிறு பிரிவாகவே நின்றுபோயிருக்கக் கூடும். அவ்வாறு நேராமல் தடுத்தவர்களுள் முதன்மையானவர் பவுல். அதற்காக அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ள தர்சு நகரில் பிறந்த யூதர் அவர். சவுல் என்பது அவருடைய எபிரேயப் பெயர். பிறப்பாலேயே உரோமைக் குடியுரிமை பெற்றிருந்தார் என்றும், எருசலேமில் கமாலியேல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் திருச்சட்டம் பயின்றார் என்றும் புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. சமய விதிகளை நுணுக்கமாகக் கடைப்பிடித்த பரிசேயர் பிரிவைச் சேர்ந்தவர் அவர். கூடாரம் செய்வது அவரது கைத்தொழில்.

கி.பி. 30-ஆம் ஆண்டையொட்டி, உரோமை ஆளுநர் பிலாத்துவின் ஆணைப்படி இயேசு எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டார். அவர் உயிர்த்தெழுந்தார் என்றும், இஸ்ரயேல் மக்கள் காத்திருந்த மெசியா அவரே என்றும் அவருடைய சீடர்கள் அறிவிக்கத் தொடங்கினர். அச்சீடர்கள் அனைவரும் யூதர்களே. அவர்கள் எருசலேம் ஆலயத்தில் வழிபட்டனர்; வீடுகளில் கூடி உணவைப் பகிர்ந்து உண்டனர். புதிய சமயம் ஒன்றைத் தொடங்குவதாக அவர்கள் எண்ணியதற்குச் சான்றில்லை.

மரத்தில் தொங்கவிடப்பட்டவரைச் சபிக்கப்பட்டவராகக் கருதிய மரபில் வளர்ந்த சவுலுக்கு, சிலுவையில் மாண்ட ஒருவரை மெசியா என்று போற்றுவது பொறுக்க முடியாத பிழையாகத் தோன்றியது. ஸ்தேவான் என்ற சீடரைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவலாக நின்றவர் அவர். சீடர்களைத் தேடிப்பிடித்துச் சிறைக்கு அனுப்புவதைத் தம் சமயக் கடமையாகவே கொண்டிருந்தார்.

அதே நோக்கத்துடன் இன்றைய சிரியாவின் தலைநகரான டமாஸ்கஸுக்குச் சென்றபோதுதான் அவர் வாழ்வு திசைமாறியது. வழியில் பேரொளி சூழ்ந்ததையும், குரலொன்று கேட்டதையும், அவர் பார்வையிழந்ததையும் திருத்தூதர் பணிகள் நூல் விரிவாக வருணிக்கிறது. பவுலோ தம் மடலில் இதை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கிறார். இறைவன் தம் மகனைத் தமக்கு வெளிப்படுத்தினார் என்பதும், பிற இனத்தாரிடம் அவரை அறிவிக்கவே அவ்வாறு செய்தார் என்பதும் மட்டுமே அவர் தரும் விளக்கம்.

பழைய நண்பர்களுக்கு அவர் துரோகியானார். புதிய நண்பர்களோ அவரை நம்பத் தயங்கினர். டமாஸ்கஸில் அவரைப் பிடிக்க முயன்றபோது, நகர மதிலின் சாளரம் வழியே கூடையில் வைத்து இறக்கப்பட்டுத் தப்பினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே எருசலேம் சென்று, பேதுருவுடன் 15 நாள்கள் தங்கினார். இவரை நம்பித் தோள்கொடுத்தவர் சைப்பிரஸ் தீவினரான பர்னபா. அவரே பின்னாளில் தர்சுக்குச் சென்று இவரைத் தேடிக் கண்டு, அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார்.

இன்றைய துருக்கியின் அந்தாக்கியா நகரமே அன்றைய அந்தியோகியா. உரோமை, அலெக்சாந்திரியா ஆகியவற்றுக்கு அடுத்த பெருநகரமாக அது விளங்கியது. யூதரும் கிரேக்கரும் சிரியரும் கலந்து வாழ்ந்த அந்நகரில், யூதரல்லாதாரும் இயேசுவின் வழியில் இணைந்தனர். யூதர், கிரேக்கர் என்ற இரு பெயர்களுக்குள்ளும் அடங்காத இந்தப் புதிய கூட்டத்தை என்னவென்று அழைப்பது? கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்நகரில்தான்.

சிக்கலும் அங்கேயே தொடங்கியது. இயேசுவை ஏற்கும் கிரேக்கர் முதலில் விருத்தசேதனம் செய்துகொண்டு, உணவு விதிகளை ஏற்று, யூதராக வேண்டுமா? வேண்டும் என்று கூறியவர்களைக் குறுகிய மனத்தினர் என்று ஒதுக்கிவிட முடியாது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், அந்தியோகியாவிலிருந்து ஆண்ட கிரேக்க மன்னன் ஒருவன் யூதர்களின் விதிகளைத் தடைசெய்தபோது, அவற்றைக் கைவிட மறுத்து உயிர்நீத்தோர் உண்டு. பேரரசுகளின் பிடியில் ஒரு சிறு இனம் தன்னை இழந்துவிடாமல் காத்தவை அவ்விதிகளே.

கி.பி. 49-ஆம் ஆண்டையொட்டி இது குறித்து எருசலேமில் தலைவர்கள் கூடிப் பேசினர். யூதரல்லாதார்மீது விருத்தசேதனத்தைச் சுமத்த வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. எருசலேமின் ஏழைகளை மறவாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே தம்மிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது என்கிறார் பவுல்.

ஆனால், சபையில் எடுத்த முடிவு பந்தியில் தடுமாறியது. அந்தியோகியா வந்த பேதுரு, தொடக்கத்தில் யூதரல்லாதாருடன் வேறுபாடின்றி அமர்ந்து உண்டார். இயேசுவின் சகோதரரான யாக்கோபின் தரப்பிலிருந்து சிலர் எருசலேமிலிருந்து வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகித் தனியே உண்ணத் தொடங்கினார். மற்ற யூதர்களும் அவரைப் பின்பற்றினர். உற்ற துணைவரான பர்னபாவும் விலகினார்.

இதைப் பவுல் சிறு சங்கடமாகக் கருதிக் கடந்துவிடவில்லை. உள்ளே வரலாம், ஆனால் தனிப் பந்தியில் அமர வேண்டும் என்றால், வந்தவர்கள் இரண்டாம் தரத்தினர் என்பதே அதன் பொருள் என்று அவர் கண்டார். இயேசுவோடு வாழ்ந்த தலைமைச் சீடர் பேதுரு. பவுலோ இயேசுவை அவர் வாழ்நாளில் பின்பற்றாதவர், பின்னால் வந்து சேர்ந்தவர். இருந்தும் அனைவர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்குநேர் கண்டித்தார். இந்நிகழ்வைத் தம் மடலில் விவரிக்கும் பவுல், பேதுரு இணங்கினார் என்று எங்கும் எழுதவில்லை. அன்று பவுல் தனித்துவிடப்பட்டார் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அதன்பின் அவரது பணிக்களம் மேற்கு நோக்கி நகர்ந்தது. பிலிப்பி, தெசலோனிக்கே, ஏதென்ஸ், கொரிந்து, எபேசு என உரோமைச் சாலைகளும் கடல்வழிகளும் இணைத்த நகரங்களைத் தேர்ந்து சென்றார். பிலிப்பியில் செந்நிறத் துணி விற்ற லீதியா என்ற பெண்மணியின் இல்லம் அவருக்கு இடமளித்தது. கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்து பிழைத்தபடியே போதித்தார். அங்கு கல்லியோ என்ற உரோமை ஆளுநர் முன் அவர் நிறுத்தப்பட்டார். கிரேக்கத்தின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றால் அந்த ஆளுநரின் பதவிக்காலம் கி.பி. 51-52 என்று கணிக்க முடிவதால், பவுலின் வாழ்க்கைக் கால வரிசைக்கு அதுவே உறுதியான அடித்தளமாக உள்ளது.

பந்திக் கேள்வி கொரிந்தில் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. ஆண்டவரின் இராவுணவுக்குக் கூடியபோது வசதி படைத்தோர் முன்கூட்டியே உண்டு குடித்து மயங்க, இல்லாதோர் பசியோடு நின்றனர். முன்பு இனம் பிரித்த இடத்தில் இப்போது செல்வம் பிரித்தது. அது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் கடிந்து எழுதினார்.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் 13 மடல்கள் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. அவற்றுள் ஏழு ஐயத்துக்கிடமின்றி அவருடையவை என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. நற்செய்தி நூல்கள் நான்குக்கும் முற்பட்டவை அம்மடல்கள். ஐந்து முறை யூதரின் சாட்டையடி, மூன்று முறை தடியடி, ஒருமுறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம் எனத் தாம் பட்டவற்றையும் அவற்றில் அவர் பட்டியலிடுகிறார்.

அவருக்கும் எல்லைகள் இருந்தன. தப்பி வந்ததாகக் கருதப்படும் ஒநேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்குமாறு உரிமையாளருக்கு எழுதியவர், அடிமைமுறையே ஒழிய வேண்டும் என்று எழுதவில்லை. கெங்கிரேயா சபையின் தொண்டரான பெபேயாள் என்ற பெண்ணை உரோமையருக்கு எழுதிய மடலில் மதிப்புடன் பரிந்துரைத்தவரின் பெயரிலேயே, பெண்கள் சபையில் பேசலாகாது என்ற வரிகளும் வழங்குகின்றன. பிற்காலத்தில் அடிமைமுறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஒருசேர அவர் எழுத்துகளைத் துணைக்கு அழைத்தனர்.

பேதுருவோடு மோதியவர் எருசலேமோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை என்பதில்தான் அவரது பெருமை அடங்கியுள்ளது. ஏழைகளை மறவேன் என்று கொடுத்த வாக்கின்படி, மாசிதோனியாவிலும் கிரேக்கத்திலும் இருந்த யூதரல்லாத சபைகளிடம் ஆண்டுக்கணக்கில் நன்கொடை திரட்டினார். வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆபத்து காத்திருப்பதை உணர்ந்தும், அந்தக் காணிக்கை ஏற்கப்படுமா என்ற கவலையை உரோமையருக்கு எழுதிய மடலில் வெளிப்படுத்தியும், அவரே கி.பி. 57-ஆம் ஆண்டையொட்டி எருசலேமுக்குப் புறப்பட்டார்.

எருசலேம் ஆலயத்தின் உள்முற்றத்தைச் சுற்றி ஒரு தடுப்புச்சுவர் இருந்தது. அதைத் தாண்டும் அயலார் தம் மரணத்துக்குத் தாமே பொறுப்பாவர் என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எபேசுவைச் சேர்ந்த யூதரல்லாத ஒருவரை அந்தத் தடுப்பைத் தாண்டி அழைத்து வந்தார் என்பதுதான் பவுல்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. கூட்டம் கொதித்தெழுந்தது; உரோமைப் படையினர் அவரைக் கைப்பற்றினர்.

அதன்பின் அவர் சுதந்திரமாக நடமாடியதாகத் திருத்தூதர் பணிகள் நூலில் செய்தி இல்லை. செசரியாவில் இரண்டு ஆண்டுச் சிறை; பேரரசரிடம் முறையீடு; மால்டா தீவருகே கப்பற்சேதம்; உரோமையில் இரண்டு ஆண்டு வீட்டுக் காவல். அத்துடன் அந்நூல் முடிகிறது. நீரோ மன்னன் காலத்தில் அவர் தலை வெட்டப்பட்டு மாண்டதாகத் திருச்சபை மரபு கூறுகிறது. அவர் சுமந்து சென்ற நன்கொடையை எருசலேம் ஏற்றதா என்பது எங்கும் பதிவாகவில்லை.

கி.பி. 70-இல் உரோமைப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தபோது அந்தத் தடுப்புச்சுவரும் அழிந்தது. பவுல் மன்றாடிக் கேட்ட சமபந்தியை, அவரைத் திருத்தூதராகப் போற்றும் சமூகங்களும் எல்லாக் காலத்திலும் கடைப்பிடித்துவிடவில்லை. கதவைத் திறந்து வரவேற்பதில் பெருமை கொள்ளும் எந்தச் சமயமும், எந்த அமைப்பும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அந்தியோகியாவில் அன்று எழுந்த அதே கேள்விதான். உள்ளே வந்தவர் எந்தப் பந்தியில் அமர்த்தப்படுகிறார்?