அன்பில்லாத மணத்தை மறுத்த ஜேன் ஆஸ்டின்

தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சி, அப்பளத்துக்குப் பெயர் பெற்ற ஊர். வீட்டுக்குள் இருந்தபடியே அப்பளம் இட்டு, நாலு காசு சேர்த்து, பிறர் கையை எதிர்பாராமல் வாழ்ந்த பெண்கள் அங்கே உண்டு.

இங்கிலாந்திலும் ஒரு பெண்மணி வீட்டுக்குள் இருந்தபடியே, சிறு மேஜையில் கதை எழுதிச் சொந்தக் காசு சம்பாதித்தார். அவர்தான் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின்.

பாதிரியார் மகள்

ஜேன் 1775-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள் கொண்ட பெரிய குடும்பம். அக்காள் கசாண்ட்ராவும் ஜேனும் உயிருக்கு உயிராக வளர்ந்தார்கள்.

கடலூரில் கலியாணம்

ஜேனின் அத்தை பிலடெல்பியா, தாய் தந்தையை இழந்தவர். கையில் பணமும் இல்லை. எனவே, மாப்பிள்ளை தேடி 1752-ல் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்தார்! மறு ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஹான்காக்கைக் கடலூரில் மணந்தார். பணம் இல்லாத பெண்ணுக்குக் கலியாணத்தை விட்டால் வேறு வழி இல்லாத காலம் அது.

உடைந்த காதல்கள்

ஜேனுக்கு இருபது வயது. டாம் லெப்ராய் என்ற இளைஞரோடு நடனமாடினார், பழகினார். டாமிடமும் பணம் இல்லை, ஜேனிடமும் இல்லை. டாமின் உறவினர்கள் அவரை ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

அக்காளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. அவருக்கு நிச்சயமான மாப்பிள்ளை 1797-ல் மேற்கிந்தியத் தீவில் காய்ச்சலில் மாண்டார். கசாண்ட்ரா பிறகு மணமே செய்துகொள்ளவில்லை.

ஒரே இரவு

1802 டிசம்பரில் ஜேனைத் தேடி வந்தது ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை ஹாரிஸ், பெரும் பண்ணைக்கு வாரிசு. சம்மதித்தால் தாய் தந்தைக்கும் அக்காளுக்கும் வாழ்நாள் முழுவதும் கவலை இல்லை. மாலையில் ஜேன் சம்மதித்தார். பொழுது விடிந்ததும் மறுத்துவிட்டார்!

அன்பில்லாத மணத்தை விட எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று, பின்னாளில் அண்ணன் மகளுக்கு அவர் கடிதத்தில் அறிவுரை எழுதினார்.

மறுத்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1805-ல் தந்தை இறந்தார். தாயும் இரு பெண்களும் சகோதரர்கள் தயவில், இடம் விட்டு இடம் மாறி வாழ்ந்தார்கள். 1809-ல் அண்ணன் எட்வர்டு, சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார்.

அக்காள், தங்கை கதை

அந்த வீட்டிலிருந்து 1811-ல் வெளிவந்தது 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. தந்தை இறந்ததும் சொத்து மூத்த தாரத்து மகனுக்குப் போகிறது. தாயும் மூன்று பெண்களும் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். மூத்தவள் எலினார், காதலை நெஞ்சுக்குள் பூட்டி வைக்கிறாள். இளையவள் மரியான், காதலைக் கொட்டிவிட்டுக் கலங்குகிறாள். அவள் காதலனோ பணக்காரப் பெண்ணைத் தேடிப் போகிறான்.

புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. முதல் பதிப்பில் ஜேனுக்குக் கிடைத்தது சுமார் 140 பவுன். அது அவர் சொந்த உழைப்பில் வந்த பணம்!

1813-ல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வந்தது. மேலும் இரு நாவல்களை வெளியிட்ட ஜேன், 1817 ஜூலை 18-ந் தேதி, 41-வது வயதில், அக்காளின் மடியில் தலை வைத்தபடி காலமானார். வின்செஸ்டர் தேவாலயத்தில் உள்ள அவரது கல்லறைக் கல்லில், அவர் நாவல் எழுதியவர் என்ற செய்தியே இல்லை.

தமிழுக்கு வந்த சகோதரிகள்

அந்த அக்காளும் தங்கையும் 2000-ம் ஆண்டில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் தமிழ் பேசினார்கள். சொத்தை இழந்து, சென்னைக்கு வந்து, வேலை தேடிப் பிழைக்கும் அந்தப் பெண்கள் யாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தானே!

பெண்ணுக்குக் கையில் சொந்தக் காசு இருந்தால்தான், பிடிக்காத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல வாய் வரும். ஜேனோ கையில் காசு வருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்.