கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

கோலாப்பூர் மாவட்டத்துக் கும்போஜ் பாகுபலி மலைக்கு யாத்திரை சென்று வந்தோர் நம் குடும்பங்களில் பலர் உளர். ஆயினும் அக்கும்போஜ் ஊரில் 1887 செப்டம்பர் 22 அன்று பிறந்த பாவுராவ் பாட்டீலின் பெயரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. நம்மைப் போலவே திகம்பர நெறி நின்ற வேளாண் குடியில் தோன்றியவர் அவர். மராட்டிய மக்கள் அவரைக் கர்மவீரர் என்று போற்றுகின்றனர்.

கோலாப்பூரில் உயர்நிலைக் கல்வி பயின்றபோது அவர் சமண மாணவர் விடுதியில் தங்கியிருந்தார். விடுதிப் பொறுப்பாளர் அண்ணாசாகேப் லட்டே. கல்வியாலும் தொண்டாலும் சமுதாயத்தில் உயர்ந்து நின்றவர். பிற்காலத்தில் பம்பாய் மாகாணத்தின் நிதியமைச்சராகவும் விளங்கியவர். விடுதியிலோ அவர் கண்டிப்பு மிக்கவர். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மாணவர்க்காக 1908-இல் அந்நகரில் மிஸ் கிளார்க் விடுதி தொடங்கப்பெற்றது. அத்தொடக்க விழாவிற்குச் சென்று திரும்பிய பாவுராவை, நீராடிய பின்னரே உணவுக்கூடத்தில் நுழையலாம் என்றனர். அவர் நீராட மறுத்தார், விடுதியினின்று நீக்கப்பட்டார். சாதி வேற்றுமையைக் களைய முனைந்திருந்த கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா அவருக்குப் புகலிடம் அளித்தார்.

நம் சமுதாய விடுதியில் நிகழ்ந்தது என்பதற்காக இதனை மறைத்தல் முறையன்று. எல்லா உயிரும் ஒரு தன்மையன என்னும் அறத்தைப் போற்றிய அதே இல்லம், தன்னொத்த வயதுச் சிறுவர் கூடிய இடத்திற்குச் சென்றதைத் தீட்டு என்றும் கற்பித்தது. பதின்பருவத்து மாணவனின் செவியில் இரண்டும் ஒருசேர விழுகின்றன. பெரும்பாலோர் ஆசிரியர் சொன்னதை விடுத்து அவர் செய்வதையே பற்றிக்கொள்வர்; வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவர் எவரும் இதனை அறிவர். பாவுராவ் அதற்கு விதிவிலக்கு. மன்னர் தந்த ஆதரவு அவ்வுறுதிக்கு உரமாயிற்று என்றே கருதுகிறேன்.

1914-ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. கோலாப்பூரில் எட்வர்ட் மன்னரின் சிலைக்குத் தார் பூசப்பட்ட வழக்கில், லட்டேவுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறுமாறு காவலர் பாவுராவை வற்புறுத்தினர். தம்மை விடுதியினின்று வெளியேற்றியவரைப் பழிதீர்க்கும் வாய்ப்புத் தாமாகவே வந்து நின்றது. சிறைத் துன்பத்திற்கு ஆளாகியும் அவர் பொய்யுரைக்க இசையவில்லை. வாய்மை என்னும் அணுவிரதம் பகைமையைப் பார்த்துக் கடைப்பிடிக்கப்படுவதன்று என்பதற்கு இதனினும் தக்க சான்றை நான் கண்டதில்லை.

அவர் மெட்ரிக் தேர்வில் தேறியவரல்லர். சாத்தாராவில் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர்க் கிர்லோஸ்கர் ஏர்க்கலப்பைகளை விற்பதற்காக ஊர் ஊராய்ச் சுற்றினார். பள்ளியின் நிழலும் படாத சிற்றூர்ப் பிள்ளைகளை அப்போதுதான் மிகுதியாகக் கண்டார். 1919 அக்டோபர் 4 அன்று காலே என்னும் ஊரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல்.

1924-இல் அந்நிறுவனம் சாத்தாராவிற்கு மாறியது. அங்கே அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாகத் தங்கினர், தாமே சமைத்தனர், ஒரே பந்தியில் உண்டனர். சமத்துவம் பற்றி அங்குத் தனிப்பாடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1927-இல் காந்தியடிகள் அவ்விடுதிக்கு வருகைதந்து, சத்ரபதி சாகு மன்னரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

இவ்விடத்தில் அவர் துணைவியார் இலக்குமிபாயைக் கூறாமல் செல்லல் தகாது. ஆசாரம் மிக்க சமணக் குடும்பத்தில் பிறந்த அவ்வம்மையார்க்குப் பிற சாதிப் பிள்ளைகளைத் தம் இல்லத்தில் வைத்து வளர்ப்பது தொடக்கத்தில் எளிதாக இருந்திராது. எனினும் அப்பிள்ளைகளுக்கு அவர் தாயானார். பிறந்தகத்து நகைகள் ஒவ்வொன்றாக விடுதியின் அரிசிக்கும் பருப்புக்கும் கரைந்தன. பாவுராவ் ஊரில் இல்லாத ஒரு நாள் பானையில் இட எதுவும் இல்லை. மங்கலநாணையே கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளின் பசியாற்றினார். 1930-இல் அவர் மறைந்தார். பள்ளிச் சான்றிதழ் எதிலும் அவர் பெயர் இல்லை. அவ்விடுதியின் முதல் ஆசிரியர் அவரே என்பேன்.

நல்லாசிரியர் இன்றிப் பள்ளிகளைப் பெருக்குவதிற் பயனில்லை என உணர்ந்து, 1935-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் பாவுராவ். 1940-இல் சாத்தாராவில் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி பிறந்தது. உழைத்துக்கொண்டே கற்றல் என்னும் அவர் கொள்கை அங்கே நன்கு வேரூன்றியது. மாணவர் நிலத்தை உழுதனர், கல் சுமந்தனர், கட்டடப் பணியில் ஈடுபட்டனர். கட்டணம் செலுத்த இயலாதவன் தன் உழைப்பால் கற்றான். பிறர் ஈகையை எதிர்நோக்கித் தலைகுனியவில்லை. ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் நம் அறக்கட்டளைகள் இக்கூறினை எண்ணிப் பார்த்தல் நன்று.

1947-இல் சாத்தாராவில் அவர் நிறுவிய கல்லூரி சத்ரபதி சிவாஜியின் பெயரைத் தாங்கியது. 1959-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அவ்வாண்டு மே 9 அன்று அவர் மறைந்தபோது, அவர் அமைப்பின்கீழ் நூற்றுக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இயங்கிவந்தன. அவர் நிழலில் வளர்ந்த மாணவர் பலர் ஆயுள் உறுப்பினராகி, குறைந்த ஊதியத்தில் அப்பள்ளிகளிலேயே பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவரான பி. ஜி. பாட்டீல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானார். வழக்காடு தொழிலை நாடாமல், சாத்தாரா சிவாஜி கல்லூரிக்கே பணியாற்றத் திரும்பினார்.