வில்லை தேய்த்த மெய்யியலாளர்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது 1658 இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், அதே ஒல்லாந்தரின் பெருநகராகிய அம்ஸ்ரடாமில், 23 வயது இளைஞர் ஒருவரை யூத சமூகத் தலைவர்கள் தமது சமூகத்தினின்றும் முற்றாக விலக்கினர். அவருடன் ஒரே கூரையின் கீழ் இருப்பதும், அவர் எழுதியதை வாசிப்பதுங்கூடத் தடுக்கப்பட்டன. அவரே பாரூக் ஸ்பினோசா.

1632 நவம்பர் 24 இல் பிறந்த அவரும் அகதிக் குடும்பத்துப் பிள்ளையே. போர்த்துக்கலில் மத விசாரணைக்குத் தப்பிவந்தோரின் வழித்தோன்றல். விலக்கப்பட்டபின் பெனடிக்ரஸ் என்னும் இலத்தீன் பெயரைத் தாங்கி, கண்ணாடி வில்லைகள் தேய்த்தும் நண்பர் சிலரின் உதவியுடனும் வாழ்ந்தார். 1670 இல் வெளிவந்த தமது அரசியல், இறையியல் நூலில் அவர் பெயரிடவில்லை. அச்சிட்ட ஊரின் பெயரும் பொய்யாகவே இடப்பட்டது. 1673 இல் ஹைடில்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடிவந்தது. தமது சிந்தனைச் சுதந்திரத்துக்கு எந்த எல்லை விதிக்கப்படுமோ என்றஞ்சி அதனை மறுத்தார். ஒருகாலத்தில் விரிவுரையாளராயிருந்த நாம் இவ்விடத்தில் தலைகுனிகிறோம். பதவியைக் காக்க வாய்மூடியிருந்த நாட்கள் எமக்கும் உண்டு.

மனிதன் தன் ஆசையை அறிவான். அந்த ஆசையை உண்டாக்கிய காரணத்தை அறியான். ஆதலாற் தன்னைச் சுதந்திரன் என்றெண்ணுகிறான் என்பது ஸ்பினோசாவின் கொள்கை. எனினும் அவர் மனிதனை அடிமையென்று கைவிடவில்லை. காரணத்தை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அச்சமும் வெறுப்பும் பிடி தளரும். அதுவே மனிதனுக்கு வாய்க்கும் விடுதலை என்றார்.

விரும்பி வந்தீர்களா, விரட்டப்பட்டு வந்தீர்களா என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். சேரும் நாடு எதுவென்றே அறியாது விமானமேறியோர் நம்மில் உளர். மொழி விளங்காத பத்திரங்களில் ஒப்பமிட்டோர் பலர். அவற்றை நமது தெரிவென்று சொல்வது கடினம். அதற்காக இரவெல்லாம் நம்மை நாமே நொந்துகொள்வதிலும் பயனில்லை. செய்ததற்கு வருந்துபவன் இருமுறை துன்புறுகிறான் என்பதும் ஸ்பினோசா கண்ட உண்மையே. அன்று அறியாமை நம்மை நடத்தியது. அதை இன்று அறிந்துகொண்டோமாயின், அடுத்த பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்போம். விடுதலை அவ்வளவு சிறிய இடத்திலிருந்தும் தொடங்கக்கூடும்.

1677 பெப்ரவரி 21 இல், தமது 44 ஆவது வயதில், ஹேக் நகரில் ஸ்பினோசா மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியிடத் துணியாத 'அறவியல்' என்னும் பெருநூலை அதே ஆண்டில் நண்பர்கள் அச்சேற்றினர். விலக்கிய சமூகத்திடம் அவர் இறுதிவரை திரும்பிச் செல்லவில்லை.